வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

என் கல்யாணத்துக்கு வந்தவர்களில் அதிக தூரம் பயணப்பட்டு வந்தவள் என் அக்காதான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோயமுத்தூர் பதினாலாயிரம் கிலோமீட்டர். இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போட்டால் தூரத்தையும் நேரத்தையும் உடனே சொல்லிவிடும். கூடவே உலக உருண்டையின் மேல் ஒரு கோடும் போட்டுக் காட்டும். அந்தக் கோடு கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. ஏறக்குறைய வடக்கே ஏறி, பனிப்பிரதேசத்தைத் தொட்டு, மறுபக்கம் இறங்கும். ஆனால் அந்தக் கோட்டின் மேல் கோயமுத்தூருக்கு எந்த விமானமும் வருவதில்லை. அங்கிருந்து கிளம்புகிறவர் மேற்கே பசிபிக் கடலைத் தாண்டிச் சிங்கப்பூர் வழியாக வர வேண்டும். அல்லது கிழக்கே போய் ஐரோப்பா வழியாக வர வேண்டும். எந்த வழி நல்லது என்று முடிவு செய்ய மற்றவர்கள் நேரத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். எங்கள் அப்பா தினசரிக் காலண்டரைப் பார்த்தார்.

அப்பாவுக்கு அன்னூரில் வாழையும் மஞ்சளும். அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஜோசியரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கனவில் பாம்பு வந்தது என்று யாராவது சொன்னால், "ராத்திரிக்கு என்ன தின்னீங்க?" என்று கேட்பார். ஆனால் சூலம் என்று வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையில் சூலம்; அன்று அந்தத் திசையில் பயணம் போகக் கூடாது. போயே தீரவேண்டும் என்றால் பரிகாரம் உண்டு. கிழக்கே என்றால் தயிர், மேற்கே என்றால் வெல்லம், வடக்கே என்றால் பால், தெற்கே என்றால் எண்ணெய். வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தை. எங்களுக்குப் பொள்ளாச்சி தெற்கே, வியாழனன்று சூலமும் தெற்கே. அப்பா மாடு பிடிக்கப் போகும்போதெல்லாம் உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக்கொண்டுதான் வண்டி ஏறுவார். வாங்கி வந்த மாடு உதைத்தால், எண்ணெய் போதவில்லை என்பார்.

அக்கா என் கல்யாணத்துக்கு ஏன் கட்டாயம் வந்தாக வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளையும் அவனுடைய அக்காவோ தங்கையோ ஒருத்தியும் சேர்ந்து நிற்பார்கள். மணப்பெண் கட்டப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம் இருக்கும், மறுமுனை அவளிடம் இருக்கும். சீர்களையெல்லாம் நடத்தி வைக்கும் பெரியவருக்கு அருமைக்காரர் என்று பெயர். அவர் முன்னின்று நடத்துவார். வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி வருவதற்கு முன்னால், இந்த வீட்டில் பிறந்தவளுக்கும் இங்கே இன்னும் இடம் இருக்கிறது என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற சீர் அது. இப்படிச் சொன்னவள் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. அப்பாவின் கல்யாணத்தில் சேலை முனையைப் பிடித்தவள் அவள்தான். அந்த உரிமையில் இன்றுவரை அவரை அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்து அவள் அமெரிக்கா போய் எட்டு வருஷம். கடைசியாக ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய அன்றே போனில் சொல்லிவிட்டாள்.

"இணைச்சீருக்கு நாந்தான் நிக்கோணும். எனக்குப் பதிலா வேற எவளையாச்சும் நிறுத்துனயின்னு வெச்சுக்கோ, அப்பறம் அந்த ஊட்டுப்படி நான் ஏறமாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். எனக்கும் அவளை விட்டால் வேறு யாரையும் பக்கத்தில் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சின்ன வயதில் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவள் அவள்.

புது வேலையில் சேர்ந்து சில மாதம்தான் என்பதால் அவளுக்கு ஒரு வாரம் விடுப்புக் கிடைத்ததே பெரும்பாடு. அவள் புருஷன், எங்கள் மாமாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவள் மட்டும் வருவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை விடியற்காலை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை மாலை இணைச்சீர். அக்கா முதலில் போட்டது சிங்கப்பூர் வழி டிக்கெட். வெள்ளிக்கிழமை அங்கே ஏறினால் இரண்டே விமானம், சனிக்கிழமை இரவு கோயமுத்தூரில் இறங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கையில் இருக்கும். கணக்கு அவ்வளவு சுத்தம்.

வீடியோ காலில் இதைச் சொன்னபோது அப்பா முகம் யோசனையானது.

"சிங்கப்பூரு உங்க ஊருக்கு எந்தப் பக்கங் கண்ணு?"

"மேக்கங்கப்பா. கடலத் தாண்டி மேக்கயே வரும்."

"என்னைக்கு ஏறற?"

"வெள்ளிக்கெழமைங்க."

அப்பா எழுந்து போய்க் காலண்டரில் ஐந்தாறு தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கெழமை மேக்க சூலம்."

அக்கா சிரித்துவிட்டாள். "அதுக்கென்னுங்கப்பா, ஒரு வாய் வெல்லந் தின்னுபோட்டு ஏறிக்கறேன்."

"வெல்லம் காரமடைக்கும் மேட்டுப்பாளையத்துக்குந் தாங்கும். பதனாலாயிரங் கிலோமீட்டருக்கு ஒரு வாய் பத்துமா? ஒரு சிப்பமல்ல திங்கோணும்?"

முப்பது கிலோ மூட்டையைத்தான் எங்கள் ஊரில் சிப்பம் என்பார்கள். நான் குறுக்கே விழுந்து கத்தினேன். கத்துவது எனக்குச் சுலபமாக வரும். கோயமுத்தூர் கணபதியில் நான் பம்புசெட் உதிரிப்பாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். லேத்து ஓடுகிற இடத்தில் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது. அந்தக் குரலே வீட்டுக்கும் வந்துவிடும். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கெழக்க போனாலும் இங்கதான கண்ணு வந்து சேரும்? ஒலகம் உருண்டதான?"

விஞ்ஞானமும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டது. நாங்கள் என்ன பேச முடியும்? அக்கா இரண்டு நாள் பொறுத்து டிக்கெட்டை மாற்றிவிட்டாள். ஐரோப்பாவில் ஓர் ஊர், அப்புறம் மும்பை, அப்புறம் கோயமுத்தூர் என்று மூன்று விமானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேரும். என்னிடம் தனியாக, "அவரு எங்கிட்ட ஒண்ணுங் கேட்டதில்லடா. இது ஒண்ணு கேக்கறாரு, போச்சாது உடு" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐரோப்பாவில் இறங்கினாள். அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு படம் அனுப்பினாள்: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானங்கள் வரிசையாக வெள்ளைப் போர்வை போர்த்தி நின்றன. மும்பை விமானம் தாமதம் என்றார்கள். பிறகு இன்னும் தாமதம் என்றார்கள். கடைசியில் அது கிளம்பியபோது, மும்பையிலிருந்து கோயமுத்தூருக்குக் காலையில் வருகிற விமானத்தை அவள் பிடிக்க வழியே இல்லை என்பது உறுதியாகிவிட்டது. மதியத்துக்கு மேல் கிளம்பும் ஒன்றில் இடம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது கோயமுத்தூர் வரும்போது பொழுது சாய்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்னூர் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். என் கையில் காப்புக் கட்டிவிட்டார்கள். இனிமேல் மாப்பிள்ளை மண்டபத்து வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. எனக்கோ நானே காரை எடுத்துக்கொண்டு பீளமேட்டு விமான நிலையத்துக்குப் போய் நிற்க வேண்டும்போல இருந்தது. போயிருந்தாலும் விமானத்தைத் தள்ளிக்கொண்டா வந்திருக்கப் போகிறேன்? இருந்தாலும் கை காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மண்டபத்துக்குள்ளேயே மேடைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன். வந்த ஒறம்பரைச் சொந்தங்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஏனுங் மாப்பிள்ளை, அக்கா வந்தாச்சுங்களா?" முதல் பத்துப் பேருக்குப் பனி, ஐரோப்பா எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். அதற்கப்புறம் வந்தவர்களிடம் "வந்துட்டிருக்குதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

பெண் வீட்டார் அறையிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. என் மனைவியாகப் போகிறவள். "உங்க அக்கா இப்ப எங்க?"

"அரபு நாட்டுக்கு மேல" என்று பதில் போட்டேன்.

"அழகு பண்றவங்க எனக்கு ரெண்டாவது தடவை பூ வெக்கறாங்க. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. இவளோடு காலம் தள்ளிவிடலாம் என்ற தைரியம் எனக்கு அப்போதுதான் முழுசாக வந்தது.

சித்தப்பா ஒரு யோசனை வைத்திருந்தார். கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுத் தங்கச்சி நிற்பதும் வழக்கம்தான். அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளைப் பட்டுச்சேலை கட்டித் தயாராக நிறுத்திவிட்டார். அவளும் தலை நிறையப் பூவோடு, "அண்ணா, நான் எங்க நிக்கோணும்?" என்று கேட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். தங்கமான பெண், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் ஏறியது. அந்தக் கோபத்தை இறக்கி வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்பா பந்தியறைப் பக்கமாகத் தனியே நின்றுகொண்டிருந்தார்.

"சிங்கப்பூர் வழியா வந்திருந்தா நேத்தே வந்திருப்பா" என்றேன். "உங்க சூலந்தான் இப்ப எல்லாத்துக்குங் காரணம்."

என்னோடு வழக்கடிக்காத அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தை எங்கிருந்தோ வந்து நடுவில் புகுந்தாள்.

"ஏண்ணா, புள்ள அங்க கெளம்புனது என்னைக்கு?"

"வெள்ளிக்கெழமை. அதனாலதான மேக்க வேண்டாமின்னேன்."

"அங்கதான் வெள்ளிக்கெழமை. அவ ஏறுறேன்னு போன் பண்ணப்ப இங்க பொழுது விடியுது. நானு வாசல்ல கோலம் போட்டுட்டிருந்தேன். சனிக்கெழமைக் கோலம். உன்ற காலண்டருல சனிக்கெழமை சூலம் எந்தப் பக்கம்?"

அப்பா காலண்டரைப் பார்க்கத் தேவையே இல்லை, அவருக்கு ஏழு கிழமையும் மனப்பாடம். சனிக்கிழமை கிழக்கே சூலம். அவர்தான் வற்புறுத்தி மகளை மேற்கிலிருந்து கிழக்கே திருப்பி விட்டவர். அங்கே இருந்த கிழமையைப் பார்த்து இங்கே தொங்குகிற காலண்டரில் தாளைப் புரட்டியிருக்கிறார். பதின்மூன்றரை மணி நேரம் வித்தியாசம் என்று அவருக்கும் தெரியும். தினமும் அந்தக் கணக்கில்தான் அவளுக்குப் போன் போடுவார். ஆனால் சூலம் பார்க்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்பா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நானேல்ல புள்ளயப் புடிச்சுச் சூலத்துல தள்ளி உட்டுட்டேன்."

அந்த நேரம் பார்த்து அக்கா மும்பையிலிருந்து கூப்பிட்டாள். அடுத்த விமானத்துக்காகக் காத்திருப்பதாகச் சொன்னாள். அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"கண்ணு, அங்க தயிர் கெடைக்குமா?"

"என்னுங்கப்பா?"

"தயிர் கண்ணு. ஒரு வாய் தின்னுபோட்டு ஏறு."

"அப்பா, நான் தூங்கி ரெண்டு நாளாச்சு. எனக்குத் தயிரு வேண்டாம், ஒரு தலகாணி இருந்தாப் போதும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கோபமாகத்தான் சொன்னாள். பாவம், அவள் இருந்த அலைச்சலில் வேறு எப்படிச் சொல்வாள்?

அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்தைக்கே மனசு கேட்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இந்தத் தடவை அதட்டாமல் பேசினாள்.

"ஏண்ணா, சூலமெல்லாம் ஊட்ட உட்டு வெளிய போறவங்களுக்குத்தான? நீ பொள்ளாச்சிக்குப் போறப்ப எண்ணெ வெச்சுக்குவ. அங்கிருந்து திரும்பி வாரப்ப என்னைக்காச்சும் சூலம் பாத்திருக்கறயா?"

"ஊட்டுக்கு வாரதுக்கு எதுக்குப் பாக்கோணும்?" என்றார் அப்பா.

"அப்பறம் அவ எங்க வாரா?"

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தார், நான் பார்த்தேன். எட்டு வருஷத்தில் தன்னை அறியாமலேயே மகளுடைய வீட்டை அந்தக் கரைக்கு மாற்றி வைத்துவிட்டார் மனுஷன். அவள் தன் வீட்டிலிருந்து கிளம்பி எங்கள் ஊருக்கு வருகிறாள் என்று கணக்குப் போட்டுத்தான் திசை பார்த்திருக்கிறார். அவள் வீட்டுக்கு வருகிறாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரிந்தது. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அப்பா எழுந்தார். நேராக அருமைக்காரரிடம் போனார். "எம்புள்ள வந்துதானுங்க இணைச்சீரு. எந்நேரமானாலுஞ் செரி" என்றார். அருமைக்காரர், "அதுக்கென்னுங்க, முகூர்த்தத்துக்கு முன்னால முடிச்சாச் செரி. புள்ள வரட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். அவ்வளவுதான் விஷயம். காலையிலிருந்து இதை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் என்னையும் பெண்ணையும் ஒரு தென்னந்தோப்பில் ஓடவிட்டு எடுத்த படங்கள் அதில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தன. நான் அவளைத் தூக்குகிற படம் வரும்போதெல்லாம் பெரிசுகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அக்கா ஏறிய விமானம் மும்பையிலிருந்து கிளம்பிவிட்டது என்று செய்தி வந்ததும் படமெடுக்கிறவர் தன் போனை அந்தத் திரையில் இணைத்துவிட்டார். நாங்கள் இருவரும் மறைந்து, வரைபடமும் அதன்மேல் ஊர்கிற ஒரு சின்ன மஞ்சள் விமானமும் வந்தன. பக்கத்தில் எழுத்துகள்: மிச்சம் இத்தனை கிலோமீட்டர், மிச்சம் இத்தனை நிமிஷம்.

மண்டபமே திரும்பி உட்கார்ந்தது. அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நாற்காலியைத் திரைப் பக்கம் போட்டார்கள். விமானம் கோவாவைத் தாண்டியபோது ஒருவர் கைதட்டினார். "அதென்னுங்க, மெதுவால்ல போகுது?" என்று ஒரு பாட்டையா குறைப்பட்டார். "மணிக்கு எழுநூறு கிலோமீட்டருங்க" என்று யாரோ சொன்னதும், "பாத்தாத் தெரியிலீங்களே" என்றார். சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, "மைசூர் வந்துட்டாச் சொல்லுங்க, போண்டாவுக்கு எண்ணெ வெக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண் வீட்டார் பக்கத்துக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதன் இடுக்கில் பூவும் நெற்றிச்சுட்டியும் தெரிந்தன. மணப்பெண் வெளியே வரக்கூடாது என்று அவளுக்கும் உத்தரவு. தலையை மட்டும் நீட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

விமானம் நீலகிரியைத் தாண்டியது. நேராகப் பீளமேட்டுக்கு இறங்கும் என்று எல்லாரும் காத்திருந்தபோது, சட்டென்று இடதுபக்கம் திரும்பிக் கிழக்கே போக ஆரம்பித்தது.

"அய்யய்யோ, கெழக்கயா?" என்றார் அப்பா.

"காத்தப் பாத்துச் சுத்தி வந்து எறங்குமுங்க மாமா" என்று துபாயிலிருந்து வந்திருந்த அத்தை மகன் சொன்னான். "அவனாசிப் பக்கமாப் போயிட்டுத் திரும்பும். நம்ம ஊருக்கு மேலதான் வரும்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் பாதி மண்டபம் வாசலுக்கு ஓடிவிட்டது. நானும் ஓடினேன். வாசற்படியில் நின்றேன், அதைத் தாண்டவில்லை. உத்தரவை மீறினேன் என்று பிற்பாடு யாரும் சொல்லக் கூடாது அல்லவா. பொழுது இறங்கி வானம் மங்கிக்கொண்டிருந்தது. வடக்கேயிருந்து சத்தம் முதலில் வந்தது, பிறகு இரண்டு விளக்கு தெரிந்தது. சக்கரத்தைக்கூட இறக்கிவிட்டிருந்தார்கள். எங்கள் தலைக்கு மேலாக அது போனது. குழந்தைகள் கை ஆட்டினார்கள். அத்தையும் ஆட்டினாள். அப்பா ஆட்டவில்லை, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. பதினாலாயிரம் கிலோமீட்டர் வந்துவிட்டு, அக்கா எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அங்கிருந்தே ஒரு கயிறு போட்டு இறக்கிவிட மாட்டார்களா என்று இருந்தது.

அவளைக் கூட்டிவரச் சித்தப்பா காரோடு போயிருந்தார். விமான நிலையத்திலிருந்து அன்னூர் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில், காளப்பட்டியிலிருந்து கோவில்பாளையம்வரை வழியெல்லாம் கல்யாண மண்டபம். நிறுத்திய கார்களும் நகராத பேருந்துகளுமாக, அந்த முப்பது கிலோமீட்டருக்கு ஆன நேரத்தில் அவள் இன்னொரு முறை மும்பைக்குப் பாதி தூரம் போயிருக்கலாம். திரையில் காட்டுவதற்கு இப்போது விமானம் இல்லை. ஆனாலும் ஒருத்தரும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. சித்தப்பா போனில் சொல்லச் சொல்ல, அத்தை மகன் ஒலிபெருக்கியில் அறிவித்தான்: "குரும்பபாளையம் தாண்டியாச்சுங்க." போண்டா பரிமாறினார்கள். இரண்டாவது ஈடும் போட வேண்டியதாயிற்று.

அக்கா வந்தாள். ஜீன்ஸ், தடித்த கம்பளிச் சட்டை, கலைந்த தலை. கன்னத்தில் காரின் இருக்கை பதிந்த தடம்; காளப்பட்டி நெரிசலில் நன்றாகத் தூங்கியிருக்கிறாள். நாதஸ்வரக்காரர் நிலைமை புரியாமல், மணப்பெண் அழைப்புக்கு வாசிப்பதை அவளுக்கு வாசித்துவிட்டார். மண்டபமே எழுந்து நின்றது. அவள் திகைத்துப் போய் என்னைப் பார்த்து, "என்னடா, எதுக்கு எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க?" என்றாள்.

"உன்னைத்தான் மத்தியானத்துலருந்து திரையில பாத்துட்டிருக்கறாங்க" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கத்தியே பழகிய குரல் அந்த நேரத்தில் காலை வாரிவிட்டது.

சித்தப்பா மகள்தான் அவளை இழுத்துக்கொண்டு போனாள். தன் தலையிலிருந்த பூவைக் கழற்றி அவளுக்கு வைத்தாள், தன் வளையலைக் கழற்றிப் போட்டாள். அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் ஒரு பட்டுச்சேலை பாக்கி. கொஞ்ச நேரத்தில் அக்கா பட்டுச்சேலையில் வந்து என் பக்கத்தில் நின்றாள். அருமைக்காரர் கூறைச்சேலையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார், மறுமுனையை அவளிடம் கொடுத்தார். எங்களுக்கு நடுவே இப்போது அந்தச் சேலை மட்டும்தான் இருந்தது. நான் முனையை இறுக்கிப் பிடித்திருந்தேன். "கிழிச்சுப்போடாதடா, நாளைக்கு உம்பொண்டாட்டி கட்டோணும்" என்றாள் காதோரம். அவள் நின்றுகொண்டே தூங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம். தூங்கவில்லை. சீர் முடியும்வரை ஒரு நிமிஷம்கூட முகத்தில் சிரிப்புக் குறையவில்லை.

சாப்பிடும்போது அப்பா அவளுடைய இலைக்குப் பக்கத்தில் நின்று, பரிமாறுகிறவரிடமிருந்து வாளியை வாங்கித் தானே தயிர் ஊற்றினார். போதும் போதும் என்றாள், கேட்கவில்லை. அத்தைதான் சிரித்துக்கொண்டே மத்தியானத்துக் கதையை முழுக்க அவளிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டே அக்கா அந்தத் தயிர்ச்சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் திரும்பிப் போக வேண்டும். இந்தத் தடவை சிங்கப்பூர் வழி, கிழக்கே. முந்தின நாள் தாளை அப்பா காலையிலேயே கிழித்து வைத்திருந்தார். பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு நானும் என் மனைவியும் வாசலில் நின்றோம். அப்பா உள்ளேயிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு. "என்னுங்கப்பா, மறுபடியுஞ் சூலம் பாத்தாச்சுங்களா?"

"பாத்தாச்சு கண்ணு" என்றார். ஒரு கரண்டி தயிரை எடுத்து அவள் கையில் ஊற்றினார். "வாரதுக்குப் பாத்ததுதான் தப்பு. நீ போறதுக்குத்தான் பாக்கோணும்."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. கையில் தயிரை வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். அப்பா அவள் கையைப் பிடித்து, தயிர் சிந்தாமல், அவள் வாய்க்குக் கொண்டுபோனார்.

"போயிட்டு வாரனுங்கப்பா" என்றாள், வாயில் தயிரோடு.

"வா கண்ணு" என்றார். "எந்தக் கெழமைல வேணும்னாலும் வா."